ஒட்டுவதெல்லாம் மருந்தாகுமா?



எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் தனி ஊசல் சோதனை செய்வார்கள். நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று பாடநூலில் முன்பே அச்சாகியிருக்கிறது. ஆகவே முப்பது நோட்டுகளைத் திருத்தினால் முப்பதிலும் 9.8 தான் இருக்கும். சிலவற்றில் ரப்பரால் அழித்து எழுதிய தடமும் இருக்கும்!

ஓராண்டு ஒரு மாணவியின் நோட்டில் மட்டும் 10.8 என்று இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "பக்கத்தில் இருந்தவர்கள் மாற்றி எழுதச் சொன்னார்கள் சார். ஆனால் மூன்று தடவையும் எனக்கு இதுதான் வந்தது" என்றாள். என் எதிரிலேயே மறுபடி செய்யச் சொன்னேன். குண்டைக் கைவிட்ட அந்த நொடியிலேயே அவள் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினாள். அதாவது அவள் 'இருபது' என்றபோது உண்மையில் பத்தொன்பது அலைவுகளே முடிந்திருந்தன. 20-ஐ 19-ஆல் வகுத்து, அதை இருமடியாக்கி, நம் ஊரின் 9.78-ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக 10.8 வரும்! அவள் கண்டது தவறான விடை. ஆனால் பொய்யான விடை அன்று. அது பொய்யாக இல்லாததால்தான் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அண்மையில் ஒரு கொடிய மூளை நோயைப் பற்றியும், மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகளைக் கொண்டு அதைத் தடுக்க விஞ்ஞானிகள் செய்த முயற்சிகளைப் பற்றியும் படித்துக்கொண்டிருந்தபோது இன்னும் அதிகமாக நினைவுக்கு வந்தது. பௌதிகம் கற்பிக்கும் எனக்கு நோயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பொறுங்கள். சீப்பால் தலைவாரிக் காகிதத் துணுக்குகளை இழுத்து விளையாடினீர்களே, அந்த விசைக்குத்தான் இதில் முக்கியப் பங்கு.

விந்தையான நோய்

பப்புவா நியூகினித் தீவின் மலைப்பகுதியில் ஃபோரே என்னும் மக்கள் வாழ்கிறார்கள். 1950-களில் அவர்களிடையே 'குரு' என்ற நோய் பரவியிருந்தது. முதலில் நடை தள்ளாடும். பிறகு உடல் நடுங்கும். ஓராண்டு ஆவதற்குள் நோயாளி இறந்துவிடுவார். பெண்களும் குழந்தைகளுமே மிகுதியாக மாண்டார்கள். 1957-இல் வின்சென்ட் ஜிகாஸ், கார்ல்டன் கஜ்டுசெக் என்ற இரு மருத்துவர்கள் இந்நோயை உலகுக்கு விவரித்தார்கள். இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமச் சடங்கின் மூலம் நோய் பரவியது என்பது பின்னர் தெளிவாயிற்று. சடங்கு நின்றது, நோயும் மெல்ல மறைந்தது. ஆனால் சிலருக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்துக்கூட அது தலைகாட்டியது!

ஐரோப்பாவில் செம்மறியாடுகளுக்கு வரும் 'ஸ்கிரேப்பி' என்ற நோய் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இடையர்களுக்குத் தெரிந்த ஒன்று. வில்லியம் ஹேட்லோ என்ற கால்நடை மருத்துவர் 1959-இல் ஒரு செய்தியைச் சுட்டிக் காட்டினார். ஸ்கிரேப்பி கண்ட ஆட்டின் மூளையும் குரு கண்ட மனிதனின் மூளையும் ஒரே மாதிரி, கடற்பஞ்சுபோல் துளைபட்டிருக்கின்றன என்பதே அது. மனிதர்களுக்குத் தானாகவே வரும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயும் இதே குடும்பந்தான். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு அது வருகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

1986-இல் பிரிட்டனில் மாடுகள் இதேபோல் தள்ளாடி விழத் தொடங்கின. மாட்டின் எலும்பையும் இறைச்சிக் கழிவையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதன் விளைவு அது. பத்திரிகைகள் 'பித்துப் பசு நோய்' என்று பெயரிட்டன. அந்த இறைச்சியை உண்ட மனிதர்களுக்கும் நோய் தொற்றியிருக்கக்கூடும் என்று 1996-இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அந்நாட்டில் மட்டும் 178 பேர் அவ்வாறு இறந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள்.

விளக்கேந்திய பௌதிக அறிஞர்

நோயைப் பரப்புவது எது? பாக்டீரியாவா? வைரஸா? இங்கேதான் பௌதிகம் நுழைந்தது.

திக்வா ஆல்பர் என்ற பெண்மணி தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பௌதிகம் படித்தவர். பெர்லினில் லீஸ் மைட்னரிடம் ஆய்வு செய்தவர். பின்னர் லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கதிர்வீச்சு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். வைரஸ் முதலான எல்லா உயிர்ப்பொருள்களும் நியூக்ளிக் அமிலத்தைக் கொண்டே பெருகுகின்றன. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அந்த அமிலம் சிதைந்துபோகும். ஆல்பர் குழுவினர் ஸ்கிரேப்பிப் பொருளின்மீது அந்தக் கதிரைப் பாய்ச்சினார்கள். அதன் நோய் பரப்பும் திறன் குன்றவே இல்லை! நியூக்ளிக் அமிலம் இல்லாமலே இது பெருகுகிறதோ என்ற துணிச்சலான கேள்வியை 1967-இல் அவர்கள் எழுப்பினார்கள்.

அதே ஆண்டு ஜே. எஸ். கிரிஃபித் என்ற கணித அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். புரதம் மட்டுமே தன் வடிவத்தை அடுத்த புரதத்துக்குக் கற்றுக்கொடுத்துப் பரவக்கூடும் என்றார். அன்று பெரும்பாலோர் நம்பவில்லை. 1982-இல் ஸ்டான்லி புருசினர் நோய்ப்பொருளைப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டி, 'பிரியான்' என்று பெயர் சூட்டினார். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பார்த்தீர்களா? ஆட்டு நோயின் மர்மத்தைத் துலக்க ஒரு புறஊதா விளக்கும் கணிதச் சிந்தனையும் வேண்டியிருந்தன. பௌதிகத்துக்கு ஒரு நோட்டு, உயிரியலுக்கு ஒரு நோட்டு என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். இயற்கை வைத்திருப்பது ஒரே நோட்டு.

நல்லதும் கெட்டதும் ஒன்றே

பிரியான் வெளியிலிருந்து வரும் அந்நியன் அன்று. நம் எல்லோருடைய நரம்பு உயிரணுக்களின் மேற்பரப்பிலும் அந்தப் புரதம் இருக்கிறது; இந்தப் பத்தியைப் படிக்கும் உங்கள் மூளையிலும் இருக்கிறது. மனிதரிடம் அது 253 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாகத் தயாராகிறது. இரு முனைகளும் வெட்டப்பட்ட பிறகு எஞ்சியது உயிரணுச் சவ்வில் நங்கூரம் போட்டதுபோல் நிற்கிறது. அதன் பின்பாதி சுருள்களாக ஒழுங்காக மடிந்திருக்கும். முன்பாதியோ எந்த வடிவமும் இல்லாமல் அவிழ்ந்த கயிறுபோல் தொங்கிக்கொண்டிருக்கும்.

நோயில் நடப்பது இதுதான். தவறாக மடிந்த ஒரு புரதம் சரியாக மடிந்த புரதத்தைத் தொடுகிறது. தொடப்பட்டது தன் மடிப்பை மாற்றிக்கொள்கிறது. அது இன்னொன்றைத் தொடுகிறது. அமினோ அமிலங்களின் வரிசையில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. மாறுவது மடிப்பு மட்டுமே. ஒரே வேட்டியை ஒழுங்காகவும் மடிக்கலாம், கசக்கியும் சுருட்டலாம் அல்லவா? அதுபோல. மாறிய புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நீண்ட இழைகளாகின்றன. இந்த இழைகளைச் செரிக்கும் ஆற்றல் உயிரணுவின் நொதிகளுக்குப் போதவில்லை. நரம்பு உயிரணு மடிகிறது.

நாயுருவியும் மின்னூட்டமும்

இனி மின்னூட்டத்துக்கு வருவோம். அந்தத் தொங்கும் கயிற்றின் தொடக்கத்தில் 23 முதல் 27 வரையுள்ள ஐந்து அமினோ அமிலங்களைப் பாருங்கள்: லைசின், லைசின், ஆர்ஜினின், புரோலின், லைசின். இவற்றில் நான்கு நேர் மின்னூட்டம் உள்ளவை. மேலும் 101 முதல் 110 வரையுள்ள பத்தில் நான்கு லைசின்கள் இருக்கின்றன. ஆக, இந்தப் புரதத்தில் இரண்டு இடங்களில் நேர் மின்னூட்டம் குவிந்து கிடக்கிறது. எதிர் மின்னூட்டம் உள்ள நீண்ட மூலக்கூறு ஏதாவது அருகில் வந்தால் அது இங்கே ஒட்டிக்கொள்ளும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் ஊகித்துவிடலாம்.

ஆனால் அவசரப்படக் கூடாது. தலைக்கு எண்ணெய் தடவிய அன்றும், மழை பெய்து காற்று ஈரமாக இருக்கும் அன்றும் சீப்பு காகிதத்தை இழுக்காது. உடலுக்குள்ளோ எங்கும் நீர்! நீருக்குள் இரு மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள விசை, வெற்றிடத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 80-இல் ஒரு பங்குதான். அதோடு நம் உடல் நீர் உப்பு நீர். சோடியம், குளோரைடு அயனிகள் ஒவ்வொரு மின்னூட்டத்தையும் சூழ்ந்து திரையிட்டு மறைக்கின்றன. இரத்தத்தில் உள்ள அளவு உப்பு இருந்தால், 0.8 நானோமீட்டர் தொலைவிலேயே விசை பெரிதும் தேய்ந்துவிடும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் எப்படி ஒட்டுகிறது? வரப்பில் நடந்துவரும்போது வேட்டியிலும் பாவாடையிலும் நாயுருவி விதைகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு முள்ளின் பிடி ஒன்றுமில்லை. ஆனால் பல முட்கள் ஒரே சமயத்தில் பிடித்தால் எடுப்பது பெரும்பாடு. ஒரு முள் விடுபடும்போது மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும். விடுபட்டதும் மீண்டும் மாட்டிக்கொள்ளும். பல மின்னூட்டங்கள் வரிசையாக அமைந்த மூலக்கூறு புரதத்தைப் பிடிப்பதும் இப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எதிர் மின்னூட்டம் நிறைந்த நீண்ட மூலக்கூற்றைச் சுற்றி எப்போதும் சோடியம் அயனிகள் கட்டுண்டு கிடக்கும. அது புரதத்தோடு சேர்ந்தவுடன் அந்த அயனிகள் விடுதலை பெற்று நீரில் கலைந்தோடுகின்றன. பள்ளி மணி அடித்ததும் வகுப்புகளிலிருந்து வெளியேறும் உங்களைப்போல! ஒழுங்கிலிருந்து கலைவதை இயற்கை விரும்புகிறது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஆகவே ஒட்டுவதற்கு அந்த விதியும் துணை நிற்கிறது.

மருந்து தேடிய கதை

இந்த ஒட்டும் பண்பை மருந்தாக்கலாமா என்ற முயற்சி 1980-களிலேயே தொடங்கியது. ஜெர்மனியில் எலர்ஸ், டிரிங்கர் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1984-இல் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் என்ற பொருளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, ஸ்கிரேப்பி தொற்றுவதைக் குறைத்தார்கள். இது சர்க்கரைச் சங்கிலியில் எதிர் மின்னூட்டமுள்ள சல்ஃபேட் தொகுதிகள் தொங்கும் பொருள். 1992-இல் அமெரிக்காவில் பைரன் காஹியும் ரிச்சர்ட் ரேஸும் காங்கோ சிவப்பு என்ற சாயப்பொருளை எடுத்துக்கொண்டார்கள். அது நோயுற்ற உயிரணு வளர்ப்பில் கெட்ட புரதம் சேர்வதைத் தடுத்தது. அதிலும் எதிர் மின்னூட்டமுள்ள சல்ஃபோனேட் தொகுதிகள் உண்டு. பீச் மரத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரைச் சங்கிலியில் சல்ஃபேட்டைச் சேர்த்துச் செய்யும் பென்டோசான் பாலிசல்ஃபேட் இவற்றில் புகழ்பெற்றது.

நம் உயிரணுக்களின் மேற்பரப்பிலேயே ஹெப்பாரான் சல்ஃபேட் என்ற சங்கிலிகள் இருக்கின்றன. பிரியான் புரதங்கள் கூடி மடிப்பு மாறுவதற்கு இவை இடம் கொடுக்கின்றன என்று கருதப்படுகிறது. பென்டோசான் அந்த இடத்துக்குப் போட்டியாக வந்து புரதத்தைத் தன்பக்கம் இழுத்துவிடுகிறது. நாற்காலிப் போட்டியில் ஒருவர் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மற்றவர் நிற்க வேண்டியதுதானே!

1999-இல் புருசினர் குழுவினர் நேர்மாறான ஒன்றைக் கண்டார்கள். மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து, நுனியெல்லாம் நேர் மின்னூட்டம் தாங்கும் பாலிஅமின் மூலக்கூறுகள், நோயுற்ற உயிரணுக்களிலிருந்து கெட்ட புரதத்தை அகற்றின. உயிரணுவுக்குள் அமிலத்தன்மை மிக்க சிறு பைகள் உண்டு. அங்கே இவை சென்று, இறுகிய புரதத்தைத் தளர்த்த, நொதிகள் அதைச் செரித்துவிட்டன.

எதிர் மின்னூட்டமும் பயன்படுகிறது, நேர் மின்னூட்டமும் பயன்படுகிறது. அப்புறம் என்ன, நோய் ஒழிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை.

பூட்டும் அதே, சாவியும் அதே

2003-இல் சுரச்சாய் சுபத்தபோன் குழுவினர் ஓர் எதிர்பாராத உண்மையை வெளியிட்டார்கள். ஆர்.என்.ஏ. என்பதும் எதிர் மின்னூட்டம் நிறைந்த நீண்ட சங்கிலிதான். அதைச் சோதனைக்குழாயில் சேர்த்தபோது நல்ல புரதம் கெட்டதாக மாறுவது குறையவில்லை; கூடியது! 2007-இல் அதே குழுவினர் இன்னும் ஒருபடி சென்றார்கள். தூய்மையான நல்ல புரதம், அதனுடன் ஒட்டியிருந்த கொழுப்பு, செயற்கை ஆர்.என்.ஏ. ஆகிய மூன்றை மட்டும் கொண்டு நோய் பரப்பும் பிரியானையே உண்டாக்கிக் காட்டினார்கள்.

ஒரே வகை மின்னூட்டம் ஓரிடத்தில் தடுக்கிறது, வேறோரிடத்தில் தூண்டுகிறது. ஏன்? 2021-இல் மின்னணு நுண்ணோக்கியின் மூலம் பிரியான் இழையின் அமைப்பு அணு அளவில் தெரியவந்தது. அது இதற்கு ஒரு துப்புத் தருகிறது. புரதங்கள் தோசைக்கல்லிலிருந்து எடுத்து அடுக்கிய தோசைகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக, 0.48 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு புரதத்தின் லைசினும் அடுத்ததன் லைசினுக்கு நேர் மேலே வருகிறது. நேர் மின்னூட்டத்துக்கு மேல் நேர் மின்னூட்டம்! கூலும் விதிப்படி அவை ஒன்றையொன்று தள்ளுமே? ஆம், தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தணிக்க அருகில் எதிர் மின்னூட்டச் சங்கிலி ஒன்று இருந்தால் அடுக்குவது எளிதாகும். ஆர்.என்.ஏ. அந்த உதவியைச் செய்யக்கூடும். பென்டோசானோ புரதத்தை வேறிடத்துக்கு இழுத்துச் சென்று அடுக்கு உண்டாகாமல் செய்கிறது. சங்கிலியின் நீளம், வளையும் தன்மை, மின்னூட்டங்களின் இடைவெளி, எவ்வளவு சேர்க்கிறோம் என்ற அளவு ஆகியவற்றால் பயன் தலைகீழாகிவிடுகிறது.

ஆகவே 'ஒட்டுகிறது' என்பது ஒரு செய்தியே தவிர முடிவு அன்று. பசையும் ஒட்டும், மருந்துப் பட்டையும் ஒட்டும்.

மனிதரிடம் வந்தபோது

சோதனைக்குழாயிலிருந்து நோயாளியின் கட்டில் வரையுள்ள பாதை மிக நீளமானது. பென்டோசானையே பாருங்கள். மின்னூட்டம்தான் அதன் பலம். அதுவே அதன் பலவீனமும். மூளையின் இரத்தக் குழாய்களைச் சுற்றி ஓர் இறுக்கமான தடுப்பு இருக்கிறது. பெரிய, மின்னூட்டம் மிகுந்த மூலக்கூறுகளை அது உள்ளே விடாது. விழுங்கினாலும் ஊசி போட்டாலும் மருந்து வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே மண்டையில் துளையிட்டு, மெல்லிய குழாய் வழியாக மூளையின் உட்குழிவுக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டும். 2002 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் இதற்கு அனுமதி அளித்தது. 2003-இல் சிகிச்சை தொடங்கிற்று.

பித்துப் பசு நோய் தொற்றியவர்கள் பொதுவாக ஓராண்டுக்குச் சற்று மேல் வாழ்வார்கள். இந்தச் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞர் நோய் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் உயிரோடிருந்தார். வேறு சிலரும் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். ஆனால் எவரும் குணமாகவில்லை. இழந்த பேச்சும் நடையும் திரும்பவில்லை. மருந்துதான் ஆயுளை நீட்டியதா, அல்லது நல்ல கவனிப்பும் இளமையும் நீட்டினவா? ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத ஒத்த நோயாளிகள் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிற்று.

குவினக்ரின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. இது பழைய மலேரியா மருந்து. 2001-இல் உயிரணு வளர்ப்பில் பிரியானைத் தடுப்பதாகத் தெரிந்தது. ஏற்கெனவே மனிதருக்குக் கொடுத்துப் பழகிய மருந்து, மூளைக்குள்ளும் செல்லக்கூடியது. நம்பிக்கை பிறந்தது. பிரிட்டனில் 107 நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தார்கள். மருந்து யாருக்கு என்பதைக் குலுக்கல்போல் தற்செயலாக முடிவு செய்வதே சரியான முறை. அதற்கு இசைந்தவர்கள் இரண்டே பேர். அவர்களைக் குறை கூற முடியுமா? தந்தை கட்டிலில் கிடக்கும்போது குலுக்கலுக்கு யார் சம்மதிப்பார்கள்? 2009-இல் முடிவு வெளியாயிற்று: பயன் தெரியவில்லை. அமெரிக்காவில் மருந்து யாருக்கு, வெற்று மாத்திரை யாருக்கு என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி நடத்திய ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது: ஆயுள் நீளவில்லை.

என் கருத்து

என்னோடு படித்து மருத்துவரான நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "எப்படியும் இறக்கப்போகிறவர். எதையாவது கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? ஒப்பீடு, குலுக்கல் என்று நீங்கள் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கல் நெஞ்சோடு பேசுகிறீர்கள்" என்றார். அவர் சொல்வதில் இரக்கம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள். ஆனால் என்ன கொடுத்தோம், என்ன நடந்தது, கொடுக்காதவருக்கு என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதி வையுங்கள் என்கிறேன். எழுதி வைக்காத சிகிச்சை அந்த ஒரு நோயாளியோடு முடிந்துவிடும். எழுதி வைத்தது அடுத்த நோயாளிக்குப் பயன்படும். இன்று இறப்பவரின் துன்பம் வீணாகாமல் இருக்க அது ஒன்றே வழி.

நஷ்டம் இல்லை என்பதும் சரியன்று. மண்டையைத் துளைப்பது விளையாட்டு அல்ல. பொய் நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. நோயாளியின் எஞ்சிய சில மாதங்களும் குடும்பத்தின் சேமிப்பும் அதற்குச் செலவாகிவிடும்.

இதனால்தான் 'மூளை நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது. உள்ளே படித்தால், ஒரு மூலக்கூறு சோதனைக்குழாயில் ஒரு புரதத்தோடு ஒட்டியது என்றிருக்கும். அதுவும் அரிய செய்திதான். ஆனால் முதல் படியை மாடி என்று சொல்லலாமா? அத்தகைய செய்தியைப் படித்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எதில் சோதித்தார்கள்: குழாயிலா, உயிரணுவிலா, எலியிலா, மனிதரிலா? நோய்க்கு முன் கொடுத்தார்களா, பின்பா? மருந்து சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா? எதோடு ஒப்பிட்டார்கள்? இந்த நான்குக்கும் விடை இல்லாத செய்தி, அளவீடு இல்லாத நோட்டுக்குச் சமம்.

எதிர்பார்த்த விடை வராத ஆய்வை வீண் என்று நினைப்பதும் தவறு. குவினக்ரின் பயன்படவில்லை என்று 2009-இலும் 2013-இலும் நேர்மையாக வெளியிட்டார்கள். அதனால் உலகெங்கும் பல குடும்பங்கள் வீண் அலைச்சலிலிருந்து தப்பின. ஆராய்ச்சியாளர்கள் இதற்கிடையே வேறு திசையிலும் தேடினார்கள். நியூக்ளிக் அமிலத்தின் சிறு துண்டுகளைக் கந்தகம் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். அவை தம் எதிர் மின்னூட்டத்தால் பிரியான் புரதத்தில் ஒட்டும் என்பது 2006-இல் தெரிந்தது. பிறகு அதைவிட நல்ல வழி ஒன்று பிறந்தது. அத்தகைய துண்டின் எழுத்து வரிசையைச் சரியாக அமைத்தால், பிரியான் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. ஆணையையே அது அழித்துவிடும். புரதமே உருவாகாவிட்டால் கெட்டுப்போக என்ன இருக்கிறது? நோயுற்ற சுண்டெலிகள் இதனால் அதிக நாள் வாழ்ந்தன. 2024-இல் மனிதரிடமும் சோதனை தொடங்கிற்று. இந்த மருந்தும் மூளைத் தடுப்பைத் தாண்டாது. முதுகுத்தண்டின் நீரில் செலுத்துகிறார்கள். இது வெல்லுமா என்பதை அளவீடுகள் சொல்லட்டும். நாம் முன்கூட்டியே 9.8 என்று எழுதிவிட வேண்டாம்!

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை மருத்துவராவீர்கள். சிலர் பௌதிகம் படிப்பீர்கள். சிலர் பத்திரிகையில் எழுதுவீர்கள். எதுவானாலும் இரண்டு செய்திகளை மறக்காதீர்கள். கூலும் விதி பத்தாம் வகுப்பு மேசையோடு முடிவதில்லை. உங்கள் மூளையின் ஒவ்வோர் உயிரணுவிலும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆகவே ஒரு பாடத்தின் கதவை இன்னொரு பாடத்துக்குச் சாத்திவிடாதீர்கள். அடுத்தது, அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு வராத விடை ஒன்று பக்கத்து நோட்டில் இருந்தால் ரப்பரைத் தேடாதீர்கள். வந்ததை எழுதுங்கள். பிறகு ஆசிரியரிடம் சென்று "ஏன் சார் இப்படி வருகிறது?" என்று கேளுங்கள்.

அந்த மாணவிக்கு அன்று முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த முறை அவள் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.